எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

உரிகம், கே.ஜி.எஃப்.
நவம்பர் 10

அன்பு மாப்பிள்ளை நோயலுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுதும்போதே பேனா நிற்கிறது. அதில் ஒருத்தி உங்கள் வீட்டில் இருக்க வேண்டியவள்.

போனில் பேசினால் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்கிறீர்கள். நானும் "வைக்கட்டுமா" என்று வைத்துவிடுகிறேன். பிறகு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து, வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். நீங்களும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

நேற்று நம் திருச்சபையில் அறுப்புப் பண்டிகை. ஏலம் கூறியது வழக்கம்போல் நான்தான். முப்பது ரூபாய் பூசணிக்காய் ஆயிரத்து இருநூறுக்குப் போனது. விலை பூசணிக்காய்க்கு அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு என்று நீங்கள் என் மாணவராக இருந்தபோதே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஜெனிட்டா ஒரு பிளம் கேக் செய்து வைத்தாள். ஏலம் எடுத்தவர் பணத்தைச் சபைக்குக் கட்டிவிட்டு, "திரும்பவும் ஏலம் விடுங்க சார்" என்று மேசையிலேயே வைத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாம் முறை நான் "ஒரு தரம்" என்று தொடங்கியதும் முன் பெஞ்சிலிருந்து அவள், "டாடி, அத யாராச்சும் துன்ன மாட்டாங்களா?" என்றாள். சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஜூன் மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தவள். மூன்று வாரம் என்றுதான் சொன்னாள். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இப்போது பெங்களூரில் ஒரு பள்ளியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிசம்பர் முடிவதற்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். உங்களுக்காகத்தான் பதில் போடாமல் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். பதினெட்டாம் தேதி வந்து, கிறிஸ்மஸ் கொண்டாடிவிட்டு, கையோடு அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

இதற்கிடையில் அமெரிக்காவில் நீங்கள் வேலை பார்க்கும் கல்லூரியின் டீம் ஜெயித்துக்கொண்டே போகிறதாம், பெரிய ஆட்டம் வரலாமாம் என்று அத்தை காதில் விழுந்திருக்கிறது. நமக்குத் தெரிந்த ஃபுட்பால் ஜிம்கானா கிரவுண்டில் காலால் உதைப்பது. உங்களுடையது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. ஜெனிட்டா போனில் காட்டினாள். அது இருக்கட்டும். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த ஆட்டம் பதினெட்டாம் தேதியைத் தொடுகிறதா?

அன்புடன்,
மாமா கொர்னேலியஸ்

*

நவம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

தொடுகிறது மாமா. மறைக்க மாட்டேன்.

நாடு முழுவதிலுமிருந்து பன்னிரண்டு கல்லூரி டீம்களைத் தேர்ந்தெடுத்து நாக் அவுட் நடத்துகிறார்கள். முதல் நான்கு இடங்களில் வருபவர்களுக்கு முதல் சுற்று கிடையாது. ஐந்திலிருந்து எட்டு வரை வருபவர்கள் முதல் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆடலாம். ஒன்பதுக்குக் கீழே என்றால் அடுத்தவர் ஊருக்குப் போக வேண்டும். வாரா வாரம் இடம் மாறும்; இறுதிப் பட்டியல் டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை வரும். ஆட்டம் 20ஆம் தேதி. நாங்கள் இப்போது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஒன்பது என்றால் நான் பதினாறாம் தேதியே விமானம் ஏறிவிடலாம். எட்டு என்றால் எழுபதாயிரம் இருக்கைகளுக்கு விலை வைத்து விற்கும் வேலை என் தலையில்.

பட்டியல் வந்த பிறகு விற்கத் தொடங்கினால் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். அதனால் இப்போதே, வருஷம் முழுக்கச் சீட்டு வாங்கி வைத்திருப்பவர்களிடம் சம்மதம் வாங்குகிறோம். ஆட்டம் இங்கே வந்தால்தான் அவர்கள் கார்டிலிருந்து பணம் எடுப்போம். வராவிட்டால் ஒரு காசும் எடுக்க மாட்டோம். விலைதான் சிக்கல். சாதாரண ஆட்டத்துக்கு அறுபது டாலர் என்றால் இதற்கு நூற்றைம்பது வைக்கலாம் என்கிறார் என் மேலதிகாரி. போன் ஓயவில்லை. திட்டுகிறவர் பாதி, அழுகிறவர் பாதி.

லொரெய்ன் என்று ஒரு அம்மா. எண்பது வயது. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. இன்னமும் இரண்டு இருக்கைக்கும் பணம் கட்டுகிறார். கணவர் இடத்தில் தன் கம்பளிக் கோட்டைப் போட்டு வைத்துவிட்டு ஆட்டம் பார்ப்பாராம். "இந்த விலையில் இரண்டும் முடியாதே, ஒன்றை விடச் சொல்கிறாயா?" என்று கேட்டார். மேலதிகாரியிடம் சண்டை போட்டு இரண்டையும் பழைய விலைக்கே கொடுக்க வைத்தேன்.

என் விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நீங்கள் கவலைப்பட வேண்டாம், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும்படிதான் எடுத்திருக்கிறேன்.

ஜெனிட்டா போனில் என்னிடம் வானிலையைத்தான் கேட்கிறாள். நானும் வானிலையைத்தான் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மருமகன்,
நோயல்

*

உரிகம்
நவம்பர் 26

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

"முழுப் பணமும் திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு வெல ஜாஸ்தி டாடி," என்றாள் ஜெனிட்டா. "ஜாஸ்தி வெல குடுத்து, வராம இருக்கிறதுக்கு வழி பண்ணி வச்சிருக்காரு."

"இன்னாடி பேச்சு இது? அவரு அங்க தனியா எத்தினி கஷ்டப்படுறாரோ," என்றாள் அத்தை.

"நானும் அங்க தனியாத்தாம்மா இருந்தேன். நாலு வருஷம். சனிக்கெழமை ஆட்டம், ஞாயித்துக்கெழம கணக்கு, திங்கக்கெழம அடுத்த ஆட்டம். வேலைக்குப் போவ எனக்கு விசாவும் கெடையாது. ஜன்னல்ல பனி விழறத எத்தினி நாள் பாக்கறது?"

இதை அப்படியே எழுதியதற்குக் காரணம், எனக்கும் இது அன்றுதான் தெரியும். உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் சரி. தெரியாது என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை வண்டியை நினைத்துப் பாருங்கள். எந்த இருக்கையிலும் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் இருபது வருஷமாக அதே ஜன்னலோரத்தில் அதே ஆள்தான். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும்போது யாராவது புதிதாய் வந்து அங்கே உட்கார்ந்தால் பெட்டியே அவரைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு ரயில்வே கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் லொரெய்ன் அம்மாவுக்குப் பழைய விலையே போட்டீர்களே, அது நியாயம். மாணவர்களுக்கும் குறைத்தே வையுங்கள். பரீட்சை முடிந்து ஊருக்குப் போன பையன் திரும்பி வர பஸ் செலவு வேறு இருக்கிறது.

புதன்கிழமை காலையானால் பக்கத்து வீட்டுப் பெருமாள் போனோடு வந்துவிடுகிறார். உங்கள் டீமின் இடத்தைப் பார்த்துச் சொல்வது இப்போது அவர் உத்தியோகம். பென்ஷன்காரருக்கு வேறென்ன வேலை. இன்று எட்டு. "சார், இன்னா சார் இது? தோத்தா நமக்கு நல்லது, ஜெயிச்சா அவருக்கு நல்லது. நான் யாருக்குக் கை தட்டறது?" என்கிறார்.

நேற்று குடும்ப ஜெபத்தில் அத்தை என்ன கேட்டாள் தெரியுமா? "கர்த்தாவே, எங்க மாப்பிள்ள டீமு ஜெயிக்கட்டும். ஆனா ஒம்பதாவதா வரட்டும்." ஆமென் சொல்ல முடியாமல் ஜெனிட்டா குலுங்கிச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பிறகு எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன், பை மறந்துவிடுகிறது. ஏழாம் தேதி ஞாயிறு வரும்வரை இப்படித்தான்.

அன்பு மாமா,
கொர்னேலியஸ்

*

டிசம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழு.

எட்டுகூட இல்லை, ஏழு. கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு மேலே இருந்த டீம் தோற்றதில் நாங்கள் ஏறிவிட்டோம். பட்டியல் அறிவித்தபோது அலுவலகத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலை கழுத்தளவு வந்துவிட்டது. விருந்தாளி டீமுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மாணவர் பகுதிதான் பயம். ஊருக்குப் போனவர்கள் வராவிட்டால் டி.வி.யில் நாடு முழுக்க அந்தக் காலி பெஞ்சைத்தான் காட்டுவார்கள். நீங்கள் சொன்னபடி அவர்களுக்கு விலையைப் பாதியாக்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். பொதுமக்களுக்கான சீட்டு ஒரு காலைப் பொழுதில் தீர்ந்தது. இப்போது வெளியே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கைமாறுகிறது. மணிக்கு ஒரு விலை.

விமானத்தை ரத்து செய்துவிட்டேன். ஜெனிட்டாவிடம் இன்னும் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் அவளிடம் பதமாகச் சொல்லுங்கள் மாமா. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் வந்துவிடுகிறேன்.

நோயல்

*

உரிகம்
டிசம்பர் 12

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதமாகச் சொல்ல எனக்கு வேலை வைக்கவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பெருமாள் கேட்டுக்கு வெளியே நின்று, "சார், ஏழு சார்," என்றார்.

உள்ளே அத்தையும் ஜெனிட்டாவும் ரோஸ் குக்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏழா? எட்டு கூட இல்லியா?" என்றாள் ஜெனிட்டா. அவ்வளவுதான். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள், உதறி எடுத்தாள், அடுத்ததை விட்டாள். ஒன்றுகூடக் கருகவில்லை. அத்தைதான் அடுப்படியை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை, ஊராருடைய கோழியையும் கேக்கையும் நான் ஏலம் கூறியிருக்கிறேன். இதை மட்டும் உங்களுக்காக நான் கூற முடியாது. நீங்களே பேசுங்கள். வானிலையை விட்டுவிட்டுப் பேசுங்கள்.

என் மகள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவரு லீவு கேட்டாரா டாடி?"

கேட்டும் கொடுக்கவில்லையா, கேட்கவே இல்லையா? இரண்டும் ஒன்றல்ல. பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது லீவு கேட்டு வந்தவர்களையும் தெரியும், கேட்காமலே "சார் குடுக்க மாட்டாரு" என்று வீட்டில் சொன்னவர்களையும் தெரியும். உங்களை நான் எந்த வரிசையில் வைக்கட்டும்?

கோபத்தில் எழுதவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் நேரான பதில் வேண்டும். அவள் கேட்டதற்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

மாமா

*

டிசம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்கவில்லை.

பத்து நாளாக இந்த ஒரு சொல்லை எழுத முடியாமல் இருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். என் மேலதிகாரி நல்லவர், கல்யாணமானவர். கொடுத்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

நான் வளர்ந்தபோது நம் ஊரில் நான் பார்த்ததெல்லாம் காலியானவைதான் மாமா. சுரங்கம் மூடும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா நந்திதுர்க் சுரங்கத்து ஷிஃப்டுக்குப் போகாமல், போகிற நேரத்துக்கு மட்டும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரிய வீடுகள் காலி, கிளப் காலி, பள்ளியில் என் வகுப்பிலேயே பாதி பெஞ்ச் காலி. இங்கே ஒரு மைதானம், என் கையால், கடைசி இருக்கை வரை நிரம்பியது. அதை விட்டு வர எனக்கு மனசு வரவில்லை. இதுதான் உண்மை.

நேற்று நிரம்பியது மாமா! மாணவர்கள் வந்தார்கள். பனியில் வரிசையில் நின்றார்கள். பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ஒரு விஷயம் நீங்கள் ஜெனிட்டாவிடம் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு இருக்கை தருவார்கள், ஒன்று நமக்கு, இன்னொன்று மனைவிக்கோ கணவருக்கோ. நான் ஜெனிட்டா பெயரைப் பதிவு செய்தேன். ஆட்டத்தன்று காலையில் அந்த ஒரு இருக்கைக்கு எண்ணூறு டாலர் கொடுக்க ஆள் இருந்தது. கூட வேலை செய்யும் மூன்று பேர் கேட்டார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன சிவப்பு ஸ்வெட்டரை அதில் விரித்து வைத்தேன், லொரெய்ன் அம்மா செய்வதுபோல. லொரெய்ன் அம்மாவின் கணவர் இடத்தைத் தவிர, அத்தனை கூட்டத்தில் காலியாக இருந்த ஒரே இருக்கை அவளுடையதுதான். படம் இணைத்திருக்கிறேன். அவளிடம் காட்டுங்கள். நான் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த சுற்று ஜனவரி 1, வெளியூரில். எங்களுக்கு ஒதுக்கிய சீட்டை நாங்கள்தான் விற்க வேண்டும். அதில் தோற்றால் நாலாம் தேதியே அங்கே இருப்பேன். ஜெயித்தால் பத்து நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

உங்கள் அன்பு மருமகன்,
நோயல்

*

உரிகம்
டிசம்பர் 29

அன்புள்ள நோயலுக்கு,

பத்தாம் வகுப்பில் நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே எழுதுகிறேன். வருத்தப்படாதே. இப்படி எழுதினால்தான் இந்தக் கடிதம் எனக்கு வருகிறது.

நேரான பதில் கேட்டேன், நேராக எழுதினாய். உன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்தச் சட்டையை நானும் பார்த்திருக்கிறேன். உன்னைக் கெட்டவன் என்று இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

படத்தைக் காட்டினேன். முதலில் பார்த்தது அத்தை. உன் டீம் தோற்றாலும் ஜெயித்தாலும் உன் பக்கமே பேசியவள். போனைக் கையில் வாங்கினாள். "இன்னாங்க இது? செத்துப்போனவங்களுக்குத்தான் இப்படி எடம் போட்டு வப்பாங்க. எம் பொண்ணு உசுரோட கீறா," என்றாள். அழுதுவிட்டாள். லொரெய்ன் அம்மாவின் கணவரால் வர முடியாது, நோயல். அதனால் அந்த அம்மா கோட்டு போட்டு வைக்கிறார். நீ வந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருக்கலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஜெனிட்டா படத்தை நெடுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை. "அவருக்கு அந்த மைதானம் ரொம்பப் புடிச்சிருக்கு டாடி," என்றாள். "எனக்கு அது புரியுது. அதுக்காக நம்ம வீட்டுல எல்லாரும் முழங்கால் போட்டு, அவரு தோக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்க முடியாது. இந்த வருஷம் போல அடுத்த வருஷமும் அவரு ஜெயிப்பாரு."

மறுநாள் பெங்களூர்ப் பள்ளிக்குச் சம்மதம் எழுதிப் போட்டாள். கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் நீயும் அவளும் போனில் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கதவைத் திறந்து வந்தவள் முகம் கழுவி, கேரல் பாட வந்த பிள்ளைகளுக்குக் கேக் நறுக்கிக் கொடுத்தாள். சிவந்த கண்ணோடுதான். ஆனால் நிதானமாக நறுக்கினாள். ஜூன் மாதத்திலிருந்து இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அன்று நின்றது. என் கால்களும் நின்றன. நான் மறுபடி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

இனி செய்ய வேண்டியதையெல்லாம் அவளே உனக்கு எழுதுவாள். பிரிவதற்கான தாள்களில் கையெழுத்துப் போடத் தயங்காதே, இழுக்காதே. உனக்கும் அவளுக்கும் சின்ன வயதுதான்.

நாலாம் தேதி வர வேண்டாம். எப்போதாவது நம் ஊருக்கு வந்தால், உன் அப்பா அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டு இங்கே வா. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அத்தை அப்படியே எழுதச் சொன்னாள்.

ஜனவரி ஒன்றாம் தேதி உன் டீம் ஜெயிக்கட்டும். பெருமாளும் சொல்லச் சொன்னார், இனிமேல் யோசிக்காமல் கை தட்டலாமாம்.

அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் பார்சலில் அனுப்பிவிடு. ஐந்தாம் தேதியிலிருந்து அவள் காலை வண்டிக்குப் போகிறாள். பிளாட்பாரத்தில் பனி அதிகம்.

இப்படிக்கு,
கொர்னேலியஸ் சார்